கையால் சுற்றித் திறக்கும் படகு லாக்: ரிடோ கால்வாயில் இன்னும் எப்படி ஓடுகிறது?

வெண்ணிலா_ரா

கனடாவின் ரிடோ கால்வாயில் எடுத்த ஒரு வீடியோ பார்த்தேன். கல் சுவர் மேல் நின்றுகொண்டு இரண்டு பேர் இரும்புக் கைப்பிடியைச் சுற்றுகிறார்கள், சங்கிலி இழுபடுகிறது, பிரமாண்டமான மரக்கதவு மெதுவாகத் திறக்கிறது, உள்ளே நிற்கிற ஏழெட்டுப் படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போகின்றன. மோட்டார் சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு தண்ணீரை அடைத்து நிற்கும் கதவை இரண்டு பேர் எப்படித் திறக்க முடிகிறது? படகை மேல்மட்டத்துக்கு ஏற்ற எங்காவது பம்ப் ஓடுகிறதா? இவ்வளவு வசதியான நாட்டில் இதை இன்னும் கையால் செய்வதற்குக் காரணம் என்ன? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், அவசரமே இல்லை.

ஒட்டாவா_குமரன்

வணக்கம் அக்கா. படிக்கும் காலத்தில் கோடை விடுமுறையில் அங்கே ஒரு லாக்கில் வேலை பார்த்திருக்கிறேன், அந்தக் கைப்பிடியை நானே சுற்றியவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

பம்ப் கிடையாது. தண்ணீரை யாரும் மேலே ஏற்றுவதே இல்லை. மேலே இருக்கிற ஆற்றுத் தண்ணீர் தானாகக் கீழே இறங்கத் துடித்துக்கொண்டிருக்கிறது, அது இறங்கும் வழியில் ஒரு கல் தொட்டியைக் கட்டி இரண்டு பக்கமும் கதவு போட்டிருக்கிறார்கள், லாக் என்பது அவ்வளவுதான். கீழிருந்து படகு வருகிறது என்று வையுங்கள். தொட்டியில் கீழ்மட்டத் தண்ணீர் இருக்கும், கீழ்க்கதவு திறந்திருக்கும், படகு உள்ளே வந்துவிடும். கீழ்க்கதவை மூடுவோம், அதன் மதகையும் இறக்கிவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்போம். அப்புறம் மேல்பக்க மதகைக் கொஞ்சமாகத் திறப்போம். சுவருக்குள் போகும் சுரங்க வழியாக மேல்மட்டத் தண்ணீர் தொட்டிக்குள் வரும், படகு அதன்மேல் மிதந்தபடியே உயரும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றானதும் மேல்கதவைத் திறந்தால் படகு போய்விடும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்வோம், கீழ்க்கதவிலேயே இருக்கிற மதகைத் தூக்கித் தொட்டியைக் காலி செய்வோம்.

வீடியோவில் நீங்கள் பார்த்த கைப்பிடிக்கு அங்கே கிராப் என்று பெயர். பல்சக்கரம் வைத்த வின்ச்தான். நாம் வேகமாகப் பல சுற்று சுற்றுவோம், சங்கிலி கொஞ்சம்தான் நகரும், ஆனால் இழுவை பல மடங்காகிவிடும். முதல் சில சுற்றுதான் கனமாக இருக்கும், கதவு அசைந்துவிட்டால் அந்த வேகத்திலேயே வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் கை பலத்தால் சுற்றப் பார்ப்பார்கள், அரை நாளில் தோள் போய்விடும். காலை அகட்டி ஊன்றி உடம்பையே சாய்த்துச் சுற்ற வேண்டும், இதைப் பழைய ஆட்கள் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

நீர்க்கணக்கு

குமரன் அழகாகச் சொன்னார். "அவ்வளவு தண்ணீரை அடைத்த கதவை எப்படித் திறக்கிறார்கள்" என்ற கேள்விக்கு உண்மையான பதில், அதை யாரும் அந்த நிலையில் திறப்பதே இல்லை என்பதுதான். கணக்கோடு பார்த்தால் நன்றாகப் புரியும்.

ரிடோ லாக் தொட்டி சுமார் 41 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒட்டாவா நகரில் அடுத்தடுத்து 8 லாக் சேர்ந்து 24 மீட்டர் ஏற்றுகின்றன, அதாவது ஒன்றுக்கு 3 மீட்டர். வெளியே கதவின் அடிவாசல்மேல் (மூடிய கதவு அடியில் வந்து பொருந்தும் விளிம்பு) ஒன்றரை மீட்டர் ஆழம், உள்ளே அதைவிட 3 மீட்டர் அதிகம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு கதவுகளும் சேர்ந்து தாங்கும் விசை தோராயமாக 90 டன். எந்த வின்ச்சாலும் இரண்டு பேர் அதை அசைக்க முடியாது. தொட்டி வடிந்து வித்தியாசம் 10 சென்டிமீட்டர் ஆகும்போதுகூட ஒன்றரை டன் மிச்சம் இருக்கும். 1 சென்டிமீட்டருக்கு வந்தால் 150 கிலோ, அதையும் இரண்டு கதவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதனால்தான் கடைசிக் கொஞ்சத்துக்கு எல்லோரும் சும்மா நின்று காத்திருப்பதைப் பார்ப்பீர்கள். மட்டம் நெருங்க நெருங்க மதகு வழியாக வரும் ஓட்டமும் மெலிந்துகொண்டே போகும், கடைசி ஒரு சாண் நிரம்புவதற்கு எடுக்கும் நேரம் முதல் ஒரு சாணுக்கு எடுத்ததைவிடப் பல மடங்கு.

இன்னொரு அழகு கதவின் வடிவம். இரண்டு கதவும் நேர்கோட்டில் சேராமல், மேல்நீர் பக்கம் முனை இருக்கும்படி ஆப்பு போலச் சாய்ந்து சேரும். தண்ணீர் தள்ளத் தள்ள ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும், கசிவு குறையும். தாழ்ப்பாளும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். மட்டம் சமமாகாதவரை யார் என்ன அவசரப்பட்டாலும் திறக்காது. இயற்பியலே காவல் காக்கிற இயந்திரம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

சாந்தி_டீச்சர்

இந்த இரட்டைக் கதவு லியனார்டோ டா வின்சி யோசனை என்று படித்த ஞாபகம். அப்படியானால் லாக்கைக் கண்டுபிடித்தவரே அவர்தானா? பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று கேட்கிறேன். இன்னொன்று, பெரிய படகு உள்ளே இருந்தால் தொட்டியை நிரப்ப அதிகத் தண்ணீர் தேவைப்படுமா, குறைவாகத் தேவைப்படுமா?

கல்தச்சன்

டீச்சர், லாக் அவருக்கு ஐந்நூறு ஆண்டு மூத்தது. சீனாவில் கி.பி. 984இல் சியாவ் வெய்யுவே என்ற போக்குவரத்து அதிகாரி பெருங்கால்வாயில் இரண்டு கதவு வைத்த முதல் லாக்கைக் கட்டினார் என்று சொங் வம்ச வரலாறு சொல்கிறது. அதற்குக் காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அதற்கு முன் மட்டம் மாறுகிற இடங்களில் சரிவு மேடை கட்டி, வரி நெல் ஏற்றிய படகுகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பார்கள். இழுக்கும்போது படகு உடையும், உடைந்தால் நெல் களவு போகும், அங்கே வேலை செய்தவர்களும் சுற்றி இருந்த திருடர்களும் கூட்டு. இந்தத் திருட்டை ஒழிக்கத்தான் படகு தண்ணீரைவிட்டு வெளியே வராமலே ஏறும்படி, ஐம்பது தப்படிக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு கதவு வைத்தார்.

அதற்கும் முன்னால் இருந்தது ஒற்றைக் கதவு. ஆற்றுக்குக் குறுக்கே அடைப்பு, அதில் ஓர் இடத்தில் மட்டும் பலகைகளை உருவி எடுப்பார்கள், தேங்கிய தண்ணீர் பாய்ந்து ஓடும்போது அதோடு படகை விட வேண்டும். மேலே போகிறவர்கள் அந்தப் பாய்ச்சலை எதிர்த்துக் கயிற்றால் இழுக்க வேண்டும். ஆபத்தான வேலை, ஆள் சேதம் உண்டு. மேலே தேக்கிய தண்ணீரும் வீணாகும் என்பதால் மாவு ஆலைக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் ஓயாத சண்டை. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் மேல்பகுதியில் இந்த மாதிரி ஒற்றைக் கதவுகள் 20ஆம் நூற்றாண்டு வரைகூட இருந்தன.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் மிலான் நகரக் கால்வாய்களில் லாக்குகள் வந்துவிட்டன. அப்போதெல்லாம் நேராக மேலே தூக்குகிற கதவுதான் வழக்கம். அகலமான தொட்டி என்றால் தூக்குவது பெரும்பாடு, பாய்மரம் உள்ள படகுக்குத் தலையிலும் இடிக்கும். லியனார்டோ மிலானில் இருந்தபோது வரைந்த படங்களில்தான் சாய்ந்து சேரும் இரட்டைக் கதவும், கதவுக்குள் சின்ன மதகும் தெளிவாக வருகின்றன. பிள்ளைகளிடம் "லாக் சீனாவில் பிறந்தது, அதன் கதவுக்கு இன்றைய வடிவம் மிலானில் வந்தது" என்று சொன்னால் சரியாக இருக்கும்.

நீர்க்கணக்கு

டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு: இரண்டும் இல்லை, அதே அளவுதான். மிதக்கிற படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது, மட்டம் உயரும்போது அது விலக்கும் அளவு மாறுவதில்லை. எனவே நிரப்ப வேண்டியது தொட்டியின் பரப்பு பெருக்கல் உயரம், அவ்வளவே. ரிடோ கணக்கில் 41 × 10 × 3, கிட்டத்தட்ட 12 லட்சம் லிட்டர். ஒரே ஒரு துடுப்புப் படகுக்கும் அதே 12 லட்சம், தொட்டி நிறையப் படகுகள் இருந்தாலும் அதே 12 லட்சம். கூட்டமாகச் சேர்த்து ஏற்றுவது இதனால்தான்.

வெண்ணிலா_ரா

அருமை, நன்றி எல்லோருக்கும். ரிடோவை யார், எதற்காகக் கட்டினார்கள்? ஒட்டாவாவில் ஆறு இருக்கும்போது தனியாகக் கால்வாய் எதற்கு?

கல்தச்சன்

பயத்தால் கட்டியது. 1812இல் தொடங்கிய அமெரிக்க-பிரிட்டிஷ் போரில் மாண்ட்ரியாலில் இருந்து கிங்ஸ்டனுக்குப் படையும் சரக்கும் போக செயின்ட் லாரன்ஸ் ஆறு ஒன்றே வழி, அதன் மறுகரையில் அமெரிக்கா. அடுத்த போர் வந்தால் அந்த வழி அறுந்துவிடும் என்று பிரிட்டன் கவலைப்பட்டது. ஒட்டாவா ஆறு வழியாக வந்து அங்கிருந்து கிங்ஸ்டன் போக, எதிரி கைக்கு எட்டாத உள்வழி வேண்டும் என்று ஜான் பை (John By) என்ற ராணுவப் பொறியாளரை 1826இல் அனுப்பினார்கள். 1832 மே மாதம் வழி திறந்துவிட்டது. 202 கிலோமீட்டர், பெரும்பகுதி அடர்ந்த காடும் சதுப்பும், ஆறு வருடத்துக்குள் முடிந்திருக்கிறது.

பையின் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், முழுக்கக் கால்வாய் வெட்டாமல் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, பாறையும் அருவியுமாக இருந்த இடங்களையே தண்ணீருக்குள் மூழ்கடித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொரு அணைக்கும் பக்கத்தில் லாக். புதிதாக வெட்டிய பகுதி மொத்தமே 19 கிலோமீட்டர்தான். ஒட்டாவா ஆற்றில் இருந்து 83 மீட்டர் ஏறி, உச்சியில் ஏரியைக் கடந்து, கிங்ஸ்டன் பக்கம் சுமார் 50 மீட்டர் இறங்குகிறது. ஜோன்ஸ் ஃபால்ஸ் என்ற இடத்தில் 19 மீட்டர் உயரத்துக்கு வளைவாகக் கட்டிய கல் அணை அன்றைக்கு வட அமெரிக்காவிலேயே உயரமானது. கல்வேலை தெரிந்தவர்கள் அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கற்களைக் கிடையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைத்திருப்பார்கள்.

தொட்டியின் அளவிலும் ஒரு கதை உண்டு. முதல் திட்டத்தில் 108 அடி நீளம், 20 அடி அகலம்தான். நீராவிப் படகுகள் வரும் காலம் இது, சின்னதாகக் கட்டினால் பயன்படாது என்று பை 150க்கு 50 கேட்டார். இழுபறிக்குப் பின் 134க்கு 33 என்று முடிவானது. இன்று கோடையில் இத்தனை உல்லாசப் படகுகள் போவது அந்தப் பிடிவாதத்தால்தான்.

விலையையும் சொல்ல வேண்டும். கட்டுமானத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது கணிப்பு, அதில் பாதி மலேரியாவால். கனடாவில் மலேரியாவா என்று கேட்பீர்கள், அந்தச் சதுப்பில் அன்றைக்கு அது இருந்தது. அயர்லாந்தில் இருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள், பிரெஞ்சுக் கனடியர்கள், அவர்களின் பெண்டு பிள்ளைகள். செலவு 8 லட்சம் பவுண்டைத் தாண்டியது, அதற்காக பையை லண்டனுக்குத் திருப்பி அழைத்து விசாரித்தார்கள். ஒரு பாராட்டும் கிடைக்காமல் 1836இல் இறந்துபோனார். அவர் பெயரால் பைடவுன் என்று இருந்த ஊரும் 1855இல் ஒட்டாவா ஆகிவிட்டது. பயந்த போரோ வரவே இல்லை.

விசைப்படகு

வரலாறு நன்றாக இருக்கிறது, நான் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்து ரிடோவிலேயே மூன்று லாக்குகள் இயந்திர விசையில்தான் ஓடுகின்றன: நியூபரோ, பிளாக் ராப்பிட்ஸ், ஸ்மித்ஸ் ஃபால்ஸில் உள்ள பெரியது. அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது? கோடை வெயிலில் பிள்ளைகளை நிறுத்திக் கைப்பிடி சுற்ற வைப்பது பாரம்பரியம் என்று நாம் உட்கார்ந்த இடத்தில் இருந்து ரசிக்கலாம், சுற்றுகிறவன் முதுகைக் கேட்க வேண்டாமா? ஆலையில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு சின்ன ஹைட்ராலிக் அமைப்பு போட்டால் ஒருவரே பொத்தானை அழுத்தி முடித்துவிடுவார், நேரமும் மிச்சம்.

ஒட்டாவா_குமரன்

முதுகு விஷயம் உண்மை அண்ணா, அதை நான் மறுக்க மாட்டேன். வார இறுதியில் வரிசை கட்டிப் படகு வந்தால் மாலையில் கை தூக்க முடியாது.

ஆனால் நேரம் மிச்சமாகும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. லாக்கைக் கடக்கும் நேரத்தில் கதவைத் திறந்து மூடுவதற்கு ஆவது சொற்பம். மீதி முழுக்கத் தண்ணீர் ஏறும் நேரம், படகுகள் மெதுவாக நுழைந்து ஒழுங்காக நிற்கிற நேரம். தண்ணீரை வேகமாக விட்டால் உள்ளே கொதிக்கிற மாதிரி சுழலும், சின்னப் படகுகள் சுவரில் மோதும், கயிறு பிடித்திருக்கும் கை சிராய்ந்துவிடும். மோட்டார் வைத்தாலும் மதகைப் படிப்படியாகத்தான் திறக்க வேண்டும். ஒட்டாவாவின் 8 படிகளில் ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால் அதில் கைப்பிடியின் பங்கு குறைவு. அங்கே லாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருப்பதால் நடுவழியில் எதிர்ப்படகு விலக இடமில்லை, ஒரு கூட்டம் முழுதாக ஏறிய பிறகுதான் அடுத்த கூட்டம் இறங்க முடியும். இதற்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம், கையால் சுற்றும்போது கதவு உங்களிடம் பேசும். வெள்ளத்தோடு வந்த கட்டை ஒன்று கதவுக்கும் அடிவாசலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கடைசிச் சுற்றில் கைப்பிடி வழக்கமில்லாமல் இறுகும், உடனே நிறுத்தி, கதவைக் கொஞ்சம் திறந்து, நீளக் கழியால் கட்டையைத் தள்ளிவிட்டு மறுபடி மூடுவோம். பொத்தான் அழுத்துகிறவருக்கு அது தெரிவதற்குள் மரம் நசுங்கிவிடும்.

நீர்க்கணக்கு

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸ்மித்ஸ் ஃபால்ஸில் பழைய மூன்று லாக்குக்குப் பதிலாக 1970களில் ஒரே லாக் கட்டினார்கள், ஏற்றம் மட்டும் கிட்டத்தட்ட 8 மீட்டர். அந்த உயரத்துக்கு வேண்டிய கதவையும் மதகையும் கையால் இயக்கச் சொல்வது சரியில்லை, அங்கே விசை தேவைதான். 2, 3 மீட்டர் ஏற்றம் உள்ளவற்றில் நிலைமை வேறு. தண்ணீருக்குப் பக்கத்தில் மோட்டார், வால்வு, எண்ணெய்க் குழாய், சென்சார் என்று வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு பழுதுக்கான இடம். கிராப்பில் இருப்பது பல்சக்கரம், சங்கிலி, கொஞ்சம் கிரீஸ். வெள்ளத்தில் மூழ்கினாலும் துடைத்துவிட்டு அடுத்த நாள் சுற்றலாம். என்னைக் கேட்டால் கை விசையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டி, சுழற்சி முறையில் ஓய்வு கொடுப்பதுதான் நல்ல வழி.

விசைப்படகு

நேரக் கணக்கு சரிதான், தண்ணீர்தான் தாமதம் என்று நான் யோசிக்கவில்லை. ஆள் எண்ணிக்கையில் நீங்கள் சொல்வதை மனதார ஏற்கிறேன். கூலி மிச்சம் பிடிக்க ஆளைக் குறைத்துவிட்டுப் பாரம்பரியம் பேசினால்தான் எனக்குக் கோபம் வரும். மரக்கதவு எத்தனை நாள் தாங்கும்? 1832இல் போட்டதா இன்னும் இருக்கிறது?

கல்தச்சன்

கல் சுவர்களில் பெரும்பகுதி அந்தக் காலத்தது, நடுநடுவே பழுது பார்த்திருக்கிறார்கள். கதவு அப்படித் தாங்காது. முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் அடிப்பாகம் நன்றாக இருக்கும், மேல் நுனியும் பரவாயில்லை, தண்ணீர் ஏறி இறங்குகிற நடுப்பகுதிதான் மாறி மாறி நனைந்து காய்ந்து முதலில் உளுத்துப்போகும். அதனால் சில பத்தாண்டுக்குள் புதுக்கதவு செய்து மாட்டியே ஆக வேண்டும். பழைய அளவிலேயே டக்ளஸ் ஃபிர் மரத்தில் செய்கிறார்கள். சும்மா அலங்காரமாக நிறுத்திவைத்திருந்தால் இந்தத் தச்சு வேலை தெரிந்தவர்களே இல்லாமல் போயிருப்பார்கள். 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு, வழித்தடம் மாறாமல் இன்னும் இயங்கிக்கொண்டிருப்பதும் முக்கியக் காரணம். என் பார்வையில் கட்டடத்தைக் காப்பதைவிட அந்தக் கைகளைக் காப்பது பெரிய காரியம்.

சாந்தி_டீச்சர்

அடுத்த வருடம் கோடையில் அக்கா வீட்டுக்கு அந்தப் பக்கம் போகிறோம். வாடகைக்குத் துடுப்புப் படகு எடுத்து ஒரு லாக்காவது கடக்க ஆசை. குமரன் தம்பி, நாங்கள் என்ன தெரிந்துவைத்திருக்க வேண்டும்? நீச்சல் சுமாராகத்தான் வரும்.

ஒட்டாவா_குமரன்

தாராளமாக வாங்க டீச்சர். மே நடுவில் இருந்து அக்டோபர் நடுவரைதான் லாக் ஓடும். மிதவை உடுப்பைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே போனபின் கழற்ற வேண்டாம்.

உள்ளே சுவரோரம் மேலிருந்து கீழ்வரை கறுப்பு உறை போட்ட கம்பிவடங்கள் தொங்கும். உங்கள் கயிற்றை அதைச் சுற்றிப் போட்டு நுனியைக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், எக்காரணம் கொண்டும் முடிச்சுப் போடக் கூடாது. தண்ணீர் இறங்கும்போது கட்டிப்போட்ட படகு சுவரில் தொங்கிக் கவிழ்ந்துவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் கயிறு வடத்தில் வழுக்கியபடி உங்களோடு வர வேண்டும். இறங்கும்போது மேல்கதவை ஒட்டி நிற்காமல் தள்ளியே இருங்கள், அங்கே தண்ணீருக்கு அடியில் கல் படி ஒன்று இருக்கிறது, மட்டம் இறங்க இறங்க அது வெளியே வரும், படகின் பின்பக்கம் அதில் உட்கார்ந்துவிட்டால் பெரிய ஆபத்து. பெரிய படகுகள் முதலில் நுழையட்டும், அவை எஞ்சினை நிறுத்திய பிறகு நீங்கள் பின்னால் போங்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள், மதகை உடனே இறக்கிவிடுவார்கள்.

லாக்குக்கு முன்னால் காத்திருக்கும் துறையில் நீலக் கோடு போட்ட பகுதி இருக்கும், அங்கேதான் படகை நிறுத்த வேண்டும். கோட்டைத் தாண்டி வேறு இடத்தில் கட்டினால் நீங்கள் சும்மா இளைப்பாறுகிறீர்கள் என்று நினைத்து உங்களை விட்டுவிட்டுக் கதவை மூடிவிடுவார்கள்.